அயோனா நாட்குறிப்பு: கூரை மீண்ட மடம்

முதல் நாள்: நான்கு வண்டிகள் மாறி

கிளாஸ்கோவில் வசிக்கும் மகள், காற்று சற்றுப் பலமாக அடித்தால் கடைசிப் படகு ஓடாது என்று எச்சரித்துத்தான் எங்கள் இருவரையும் ரயிலேற்றினாள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் மல் என்றொரு பெரிய தீவு இருக்கிறது. அதன் தென்மேற்கு முனைக்கு எதிரே, ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளமும் இரண்டரைக் கிலோமீட்டர் அகலமுமாகக் கிடக்கும் சிறு தீவு அயோனா. அங்கே போய்ச் சேர ஒரு ரயில், ஒரு கப்பல், ஒரு பேருந்து, கடைசியாக ஒரு படகு என்று நான்கு வண்டிகள் மாற வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் நடுவழியில் இரவைக் கழிக்க நேரிடும் என்பதால், என் மனைவி நேர அட்டவணையைத் தாளில் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தாள்.

நாற்பது ஆண்டுகள் கட்டுமானத் துறையில் வேலை பார்த்து, அதில் கடைசிப் பதினைந்து ஆண்டுகளைப் பழங்கட்டடங்களின் பழுதுபார்ப்பில் கழித்தவன் நான். ஒரு கட்டடத்துக்கு முதலில் போவது கூரை. கூரை போன பிறகு மழை சுவருக்குள் இறங்கும், சாந்து கரையும், செடி வேர்விடும். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கூரையின்றிக் கிடந்த ஒரு துறவிமடம் இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் கூரை பெற்று, இன்று காலையும் இரவும் வழிபாடு நடக்கும் இடமாக இருக்கிறது என்று படித்தபோது, அந்தத் திருப்பணியில் பழையது எங்கே முடிந்து புதியது எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. இந்த நாட்குறிப்பு பெரும்பாலும் அதைப் பற்றியதாகவே இருக்கும்.

ஓபன் துறைமுகத்துக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலாகிறது. வழியில் கிரியன்லாரிக் என்ற நிலையத்தில் வண்டி இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி வேறு திசையில் போய்விடுவதால், சரியான பெட்டியில்தான் இருக்கிறோமா என்று இருமுறை கேட்டுக்கொண்டோம். ஓபனிலிருந்து மல் தீவின் கிரெய்க்னூர் துறைக்குக் கப்பலில் ஐம்பது நிமிடங்கள். கரையை நெருங்கும்போது இடப்புறப் பாறை முனையொன்றில் டூவர்ட் கோட்டை தெரிந்தது. மக்லீன் குலத்தாரின் கோட்டையாம். கொத்தளமும் சுவரும் சிதையாமல் நின்ற அதைப் பார்த்து, இவ்வளவு காற்றையும் உப்பையும் எப்படித் தாங்கியது என்று வியந்து இரண்டு படங்கள் எடுத்துக்கொண்டேன்.

மல் தீவைக் குறுக்கே கடக்கும் சாலை ஒற்றைத் தடம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கென்று சிறு சிறு அகலிப்புகள் விட்டிருக்கிறார்கள். யார் ஒதுங்குவது என்பதில் யாரும் முறைத்துக்கொள்ளவில்லை, ஒவ்வொரு முறையும் ஓட்டுநர்கள் கையுயர்த்தி நன்றி சொன்னார்கள். ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் போய் ஃபின்னஃபோர்ட் என்ற சிற்றூரில் இறங்கியபோது, கரைப் பாறைகள் அனைத்தும் இளஞ்சிவப்பாக இருந்தன. எதிரே நீரிணைக்கு அப்பால் தாழ்வான பச்சைத் தீவும், அதில் சதுரமான ஒரு கோபுரமும் தெரிந்தன. வெளியூர்க்காரர் வாகனங்களுக்கு அந்தத் தீவில் இடமில்லை. பத்து நிமிடப் படகுப் பயணத்தில் காற்று எங்கள் பக்கமே இருந்தது.

இரவு 9 மணி வழிபாட்டுக்குப் போனோம். ஜூன் மாதமாதலால் வெளியே நல்ல வெளிச்சம். உள்ளே மெழுகுவத்திகள், முப்பது நாற்பது பேர், துணைக்கருவி இல்லாமல் பாடிய ஒரு பாட்டு. நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மனைவி பிறகு குறைப்பட்டாள். உண்மைதான், கோயிலின் உட்சுவரில், கல்லிடுக்குகளில் சிறு பெரணிகள் முளைத்திருந்தன. கூரை திரும்பி வந்து நூற்றாண்டுக்கு மேலாகிறது. கூரையில்லாத காலத்தில் குடியேறிய செடிகளின் வழித்தோன்றல்களோ இவை என்று நினைத்துக்கொண்டே விடுதிக்கு நடந்தேன்.

இரண்டாம் நாள்: மடத்துக்குள்

காலையிலேயே மடத்துக்குப் போய், மாலை வரை அங்கேயே இருந்தோம். பார்த்ததைச் சொல்வதற்கு முன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுருக்கம் என்றாலும் இந்த இடத்தின் கதை ஆக்கமும் அழிவுமாக ஆயிரத்து நானூறு ஆண்டுகள் நீள்கிறது.

அயர்லாந்தில் 521-இல் அரச குலத்தில் பிறந்த கொலம்பா என்ற துறவி, 563-ஆம் ஆண்டில் பன்னிரண்டு தோழர்களுடன் தோல் போர்த்திய படகில் இங்கே வந்து இறங்கினார் என்பது மரபு. அவர் கட்டியவை மரமும் மிலாறும் கொண்ட குடில்கள். மடத்தைச் சுற்றியிருந்த மண்கரையும் அகழியும் சில இடங்களில் தடமாகத் தெரிகின்றனவே தவிர, அந்தக் காலத்துக் கட்டடம் எதுவும் இன்று இல்லை. அவர் 597-இல் இறந்த பிறகும் மடம் வளர்ந்தது. இங்கிருந்து போன துறவிகள் வடக்கு இங்கிலாந்து வரை கிறித்தவத்தைக் கொண்டு சென்றார்கள். இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் கெல்ஸ் நூல் என்ற சித்திரச் சுவடி, முழுமையாகவோ பகுதியாகவோ 800-ஐ ஒட்டி இங்கே உருவானது என்றே அறிஞர் பலரும் கருதுகிறார்கள். 795-இல் வைக்கிங்குகளின் முதல் தாக்குதல் வந்தது. 806-இல் அறுபத்தெட்டுப் பேர் கொல்லப்பட்டனர். மறு ஆண்டே அயர்லாந்தின் கெல்ஸ் நகரில் புதிய மடத்துக்கு அடிப்போடப்பட்டது. அந்தச் சுவடியின் பெயருக்கும் காரணம் அந்த ஊர்தான்.

நாம் இன்று பார்க்கும் கல்மடம் அதற்கு நானூறு ஆண்டுகள் பிற்பட்டது. தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் சபை என்று சொல்லும் பெனடிக்ட் சபையாருக்காக, தீவுகளின் தலைவனாக இருந்த சோமர்லெட்டின் மகன் ரனால்ட் 1200-ஐ ஒட்டி இதை நிறுவினான். பழைய கொலம்பா மரபினரான ஐரிஷ் குருமார்களுக்கு இது பிடிக்கவில்லை. 1204-இல் அவர்கள் கடல் கடந்து வந்து புதிய மடத்தை இடித்துவிட்டுப் போனதை அயர்லாந்தின் ஆண்டுக்குறிப்புகள் பதிந்திருக்கின்றன. வைக்கிங்குகள் இடித்தார்கள் என்றால் புரிகிறது. ஆயர்களும் மடாதிபதிகளுமே ஆள் திரட்டி வந்து ஒரு மடத்தை இடித்தார்கள் என்பதைப் படித்தபோது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. ஆனாலும் மடம் எழுந்தது, பதினைந்தாம் நூற்றாண்டில் பெரிதும் மாற்றிக் கட்டப்பட்டது. 1560-இல் ஸ்காட்லாந்து சீர்திருத்தச் சபைக்கு மாறிய பின் துறவிகள் அருகிப்போனார்கள், கூரைகள் விழுந்தன.

இனிப் பார்த்தவை. கோயிலின் சுவர்களில் மூன்று வகைக் கற்கள் கண்ணில் படுகின்றன: நேற்றுக் கரையில் கண்ட அதே இளஞ்சிவப்புக் கருங்கல், கருமை கலந்த பலகைப் பாறை, வளைவுகளுக்கும் சன்னல் ஓரங்களுக்கும் மட்டும் மல் தீவின் கார்செய்க் பகுதியிலிருந்து வந்த மணற்கல். உருண்டு திரண்ட கருங்கற்களை உடைக்காமல் அப்படியே வைத்து, இடையில் வரும் சந்துகளைச் சில்லுக்கற்களால் இறுக்கியிருக்கிறார்கள். கொத்தனார் வேலையில் இதுவே கடினம். கல்லுக்கேற்ப இடம் தேட வேண்டும், இடத்துக்கேற்பக் கல்லை வெட்ட முடியாது.

பழையதும் புதியதும் சேரும் இடங்களை எங்கள் தொழிலில் தையல் என்போம்; நான் தேடிவந்த தையல்களில் மிகச் சுவையானது வடக்குச் சுவரில், பீடத்தை அடுத்த பகுதியில் இருக்கிறது. தரையிலிருந்து வெகு உயரத்தில், எங்கும் போகாத இரண்டு பெரிய வளைவுகள் சுவரோடு அடைபட்டுத் தொங்குகின்றன. அவற்றுக்குக் கீழே, முற்றிலும் வேறு பாணியில் அழகிய ஒரு வாசல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கிழக்குப் பகுதியை விரித்தபோது, கீழே நிலவறை வைத்து அதன் மேல் தரையை உயர்த்தியிருந்தார்கள். அந்தத் தரையில் நின்றவர்களுக்கு அந்த வளைவுகள் சரியான உயரம். பதினைந்தாம் நூற்றாண்டில் நிலவறையை எடுத்துத் தரையை இறக்கியதும் வளைவுகள் அந்தரத்தில் நின்றுவிட்டன. அவற்றை அடைத்து, பூசைப் பொருள்கள் வைக்கும் அறைக்குக் கீழே புது வாசல் திறந்தார்கள். ஆக, இருபதாம் நூற்றாண்டுக்காரர்கள் வந்து கைவைப்பதற்கு முன்பே இந்தக் கட்டடம் பலமுறை திருத்தப்பட்டது. பழையதையும் புதியதையும் ஒரே கோட்டால் பிரித்துவிடலாம் என்று வந்த எனக்கு இது முதல் பாடம்.

தூண்களின் போதிகைகளில் ஆதாமும் ஏவாளும் தோட்டத்திலிருந்து விரட்டப்படுகிறார்கள், வானதூதர் ஆன்மாக்களை நிறுக்கையில் சாத்தான் தராசை அழுத்துகிறான், ஒருவன் மாட்டை அடிக்கிறான். கோபுரத்தின் கீழ் நிற்கும் ஒரு தூணில், டொனால்ட் ஓ பிரோல்கன் இந்த வேலையைச் செய்தான் என்று லத்தீனில் வெட்டப்பட்டிருக்கிறது. எழுத்து தேய்ந்துபோயிருந்தது, ஊழியர் ஒருவர் கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக் காட்டிய பிறகே நான்கைந்து எழுத்துகள் தெளிந்தன. மன்னர் பெயரோ மடாதிபதி பெயரோ இல்லை, கல்தச்சரின் பெயர். அந்தத் தூணடியில் நான் வெகுநேரம் நின்றேன்.

பீடத்தில் இருப்பது பச்சை நரம்போடும் வெண்மையான அயோனாப் பளிங்கு மேசை. இது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்தது. இடைக்காலத்துப் பளிங்குப் பீடம் என்னவாயிற்று என்றால், அதன் சில்லைக் கையில் வைத்திருந்தால் கப்பல் மூழ்காது, ஆபத்து அணுகாது என்று நம்பிய மக்கள் துண்டு துண்டாகப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். படைகள் அழிக்காமல் விட்டதைப் பக்தி அழித்திருக்கிறது.

திருப்பணியின் முதல் கட்டத்துக்குக் காரணமானவர் ஆர்கைல் நாட்டின் எட்டாம் டியூக். தீவு அவர் குடும்பச் சொத்தாக இருந்தது. 1870-களிலேயே இடிபாடுகளை மேலும் சரியாமல் நிறுத்தப் பணம் செலவிட்ட அவர், 1899-இல் மடத்தை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். கோயிலுக்குக் கூரை போட வேண்டும், எல்லாக் கிறித்தவப் பிரிவினரும் அங்கே வழிபட இடமளிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மறு ஆண்டே அவர் இறந்துபோனார். 1902-இல் தொடங்கிய வேலை 1910-இல் முடிந்து, கோயில் கூரை பெற்றது. தெற்குப் பக்கக் கூடத்தில் டியூக்கும் அவர் மனைவியும் வெண்பளிங்கில் படுத்திருக்கிறார்கள். சிற்பம் நேர்த்தியானது, ஆனால் கரடுமுரடான கருங்கல்லுக்கு நடுவே அந்த வழுவழுப்பு எனக்கு ஒட்டவில்லை.

கோயில் மட்டும்தான் அப்போது கூரை பெற்றது. துறவிகளின் உணவுக்கூடம், படுக்கையறைகள், நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரம் எல்லாம் இன்னும் முப்பது ஆண்டுகள் இடிபாடாகவே கிடந்தன. அவற்றை எழுப்பிய கதைதான் என்னை இங்கே இழுத்துவந்தது.

ஜார்ஜ் மக்லவுட் என்பவர் கிளாஸ்கோவின் கோவன் பகுதியில் சபை குருவாக இருந்தார். கோவன் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் வாழும் பகுதி; 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்களால் நிறைந்திருந்தது. முதல் உலகப் போரில் வீரப்பதக்கம் பெற்றவர், பின்னாளில் போரையே மறுத்தவர், வசதியான பெருங்குடும்பத்தவர். தம் பிரசங்கத்துக்கும் பசித்தவர்களின் வாழ்க்கைக்கும் தொடர்பில்லை என்று அவருக்குப் பட்டது. 1938-இல் நல்ல பதவியை விட்டுவிட்டு, வேலையில்லாத கைவினைஞர்களையும் புதிதாகப் பயிற்சி முடித்த இளம் குருக்களையும் கூட்டிக்கொண்டு இந்தத் தீவுக்கு வந்தார். மரக் கொட்டகைகளில் தங்கி மடத்தைக் கட்டத் தொடங்கினார்கள். கொத்தனாரும் தச்சரும் வேலை செய்ய, குருக்கள் சித்தாள்களாகக் கல் சுமந்தார்கள். பட்டம் பெற்றவன் பட்டம் பெறாதவனிடம் ஏவல் கேட்க வேண்டும் என்பதே மக்லவுட் போட்ட பாடத்திட்டம். கோடையில் இங்கே வேலை. குளிர்காலத்தில் குருக்கள் நகரத்து ஏழைப் பகுதிகளுக்குத் திரும்புவார்கள்.

ஸ்காட்லாந்தின் கண்டிப்பான பிரெஸ்பிட்டேரியன் சபையில் இதை ஐயத்தோடு பார்த்தவர்கள் பலர். மடம் கட்டுகிறார் என்றால் ரோமுக்குப் பாதி வழி போய்விட்டார், தொழிலாளரோடு சேருகிறார் என்றால் மாஸ்கோவுக்குப் பாதி வழி போய்விட்டார் என்று கேலி செய்தார்களாம். போர்க்காலத்தில் மரம் கிடைக்காத நாளில், புயலில் சிக்கிய கப்பல் ஒன்று கடலில் தள்ளிய கனடா மரங்கள் எதிர்க்கரையில் வந்து ஒதுங்கின, அவை கூரைக்குத் தேவையான நீளத்திலேயே இருந்தன என்றொரு கதையை இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். மரம் கிடைக்காமல் சாரத்தின் மேல் நின்று தவித்த அனுபவமுள்ளவன் என்ற முறையில், அந்த மகிழ்ச்சி எனக்கு நன்றாகவே புரிகிறது. நீள அளவு பற்றி மட்டும் கொஞ்சம் சந்தேகம். வேலை 1965-இல் நிறைவடைந்தது. இருபத்தேழு ஆண்டுகள். அவர்கள் தொடங்கிய அயோனா சமூகம் இன்றும் இங்கே வாழ்கிறது, விருந்தினரைத் தங்க வைக்கிறது. கட்டடங்களின் பராமரிப்பை 2000-ஆம் ஆண்டிலிருந்து அரசின் தொல்சின்னத் துறை கவனிக்கிறது.

தாழ்வாரத்தில் மழை பெய்யும்போது உட்கார்ந்திருந்தோம். இரட்டைத் தூண்களில் ஒரு சில மட்டுமே இடைக்காலத்தவை, மற்றவை புதியவை. புதிய போதிகைகளில் பழைய உருவங்களைப் போலி செய்யாமல், தீவுகளின் பறவைகளையும் பூக்களையும் செதுக்கியிருப்பது நல்ல முடிவு. பழைய கல் எது என்று நான் சொல்லாமலே மனைவி விரலால் தடவிக் கண்டுபிடித்தாள். மழையில் கரைந்த மணற்கல் விரலுக்கு மாவு போலத் தெரியும். முற்றத்தின் நடுவில் ழாக் லிப்ஷிட்ஸ் என்ற யூதச் சிற்பியின் வெண்கலச் சிலை நிற்கிறது. இதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு என்கிறார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

மேற்கு வாசலுக்கு வெளியே நிற்கும் சிலுவைகளைப் பற்றி எழுதாமல் இந்த நாளை முடிக்க முடியாது. புனித மார்ட்டின் சிலுவை எட்டாம் நூற்றாண்டில் ஒரே கல்லில் வெட்டப்பட்டது. நான்கு மீட்டருக்கு மேல் உயரம். நட்ட இடத்திலேயே ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. அருகில் புனித யோவான் சிலுவை. இதன் கதை வேறு. இரண்டு மீட்டருக்கு மேல் அகன்ற கைகளை வைக்க ஆசைப்பட்டவர்கள், ஒரே கல் கிடைக்காமல், ஒரு கல்லில் துளை வெட்டி மற்றதன் முனையை அதற்குள் செருகும் தச்சு முறையில் பல துண்டுகளைப் பூட்டினார்கள். மரத்துக்குச் சரியான பூட்டு, காற்றில் நிற்கும் கல்லுக்குச் சரியில்லை. அது சரிந்த பிறகு, கைகளைத் தாங்குவதற்காக வளையத்தைச் சேர்த்தார்கள் என்றும், கெல்டிக் சிலுவை என்று உலகமே அறிந்த வளையச் சிலுவையின் தொடக்கங்களில் இதுவும் ஒன்றாகலாம் என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர். ஒரு பொறியாளர் போட்ட முட்டுக்கொடுப்பு பின்னாளில் புனித வடிவமாயிற்று என்றால், எங்கள் தொழிலுக்கு அது பெருமைதான்.

அந்தச் சிலுவை இருபதாம் நூற்றாண்டிலும் ஒட்டவைக்கப்பட்டு, 1951-இலும் 1957-இலும் மீண்டும் காற்றில் விழுந்தது. மூலத்தின் துண்டுகளைச் சேர்த்து இப்போது அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். வெளியே நிற்பது 1970-இல் வார்த்த காங்கிரீட் நகல். நகல் என்று தெரிந்ததும் பலர் படமெடுக்காமல் திரும்பியதைக் கவனித்தேன். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதே காற்றில் அசையாமல் நின்று, பாசியும் பிடித்துவிட்ட அதற்கு நான் ஒரு படம் கூடுதலாகவே எடுத்தேன்.

சிலுவைகளுக்கு எதிரே ஒரு பாறை மேடு. கொலம்பா உட்கார்ந்து எழுதிய குடில் அதன் மேல் இருந்தது என்பது செவிவழிச் செய்தி. சார்ல்ஸ் தாமஸ் என்ற தொல்லியலாளர் 1957-இல் அங்கே தோண்டி எடுத்த மரக்கரித் துண்டுகள், அவர் வீட்டு வாகனக் கொட்டிலில் பல பத்தாண்டுகள் கிடந்தன. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் அவற்றைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தி 2017-இல் முடிவை வெளியிட்டார்கள்: 540-க்கும் 650-க்கும் இடைப்பட்ட காலம். கொலம்பாவின் வாழ்நாள் அதற்குள் அடங்குகிறது.

மூன்றாம் நாள்: யாத்திரைப் பாதை

மடத்தார் வாரத்தில் ஒரு நாள் தீவைச் சுற்றி யாத்திரையாக அழைத்துப் போகிறார்கள். நாங்களும் சேர்ந்துகொண்டோம். புனித மார்ட்டின் சிலுவையடியில் தொடங்கி, நின்று நின்று செபித்தபடி போகும் அந்த நடை ஏறக்குறைய முழு நாளையும் எடுத்துக்கொண்டது. பாதி வழி சேறு. வாடகைக்கு எடுத்த நல்ல காலணிகள் எங்கள் மானத்தைக் காப்பாற்றின.

முதல் நிறுத்தம் கன்னியர் மடத்தின் இடிபாடு. ஆண்களின் மடத்தை நிறுவிய அதே ரனால்ட், அதே காலத்தில் அகுஸ்தினார் ஒழுங்கைச் சேர்ந்த பெண்களுக்காக இதைக் கட்டினான். அவன் சகோதரி பேஹாக் முதல் தலைவி. இளஞ்சிவப்புக் கல்லில் கூரையில்லாத சுவர்கள், இடையில் பூச்செடிகள். சுவர்கள் விழாமல் நிறுத்தியதோடு சரி. இதை யாரும் மீண்டும் கட்டவில்லை. மனைவிக்கு மடத்தைவிட இந்த இடம் பிடித்துவிட்டது. “அங்கே எது அசல், எது நகல்னு நீங்க தேடிக்கிட்டே இருந்தீங்க. இங்கே தேட வேண்டியதே இல்லைங்களே” என்றாள். நான் மறுத்தேன். இங்கேயும் சுவர் உச்சிகளில் சாந்து பூசியிருப்பது புதியது. பூச்செடிகள் அதைவிடப் புதியவை. இடிபாடாக வைத்திருப்பதும் ஒரு பராமரிப்புத்தான் என்றேன். அவள் கேட்டது அதுவல்ல என்பது பிறகு புரிந்தது. கூரை போட்டுத் தர ஆண்களின் மடத்துக்கு ஒரு டியூக்கும் ஒரு குருவும் வந்தார்கள்; பெண்களின் மடத்துக்கு யாரும் வரவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அங்கிருந்து மேற்குக் கரை. சிப்பி மணல் மேல் வளர்ந்த குறும்புல் வெளி. அதை மாகர் என்கிறார்கள். அந்தக் கரைக்குப் பெருங்கடலின் முதுகுப்புற விரிகுடா என்று கேலிக் மொழியில் பெயர். இதற்கப்பால் வட அமெரிக்காதான். ஆடுகள் மேயும் இந்த வெளியில்தான் தீவினரின் கோல்ஃப் திடலும் இருக்கிறது. புல்லுக்குள்ளிருந்து சீப்பின் பல்லை நகத்தால் கீறுவது போல ஓர் ஒலி விடாமல் கேட்டது. கார்ன்கிரேக் என்ற பறவை. ஆப்பிரிக்காவிலிருந்து கோடையில் இங்கே வருகிறது. சத்தம் காலடியில் கேட்கிறது, பறவை கண்ணில் படுவதேயில்லை. இரவிலும் ஓயாது என்று விடுதிக்காரம்மா முன்பே சொல்லியிருந்தார்.

தென்கிழக்குக் கரையில் பழைய பளிங்குச் சுரங்கம். முதல் உலகப் போரோடு வேலை நின்றுபோய், துருப்பிடித்த இயந்திரங்கள் பாறைச் சரிவில் அப்படியே நிற்கின்றன. பீடத்தின் கல் இங்கிருந்து போனதுதான்.

தென்முனையில் கொலம்பா வந்திறங்கிய துறை. கரை முழுவதும் அலை உருட்டிய கூழாங்கற்கள். சிலவற்றில் பச்சை நரம்பு மின்னுகிறது. கரையை ஒட்டிக் கற்குவியல்கள் இருக்கின்றன. பாவத்துக்குக் கழுவாயாகத் துறவிகள் குவித்தவை என்று சொல்கிறார்கள். 561-இல் அயர்லாந்தில் நடந்த ஒரு போருக்குக் கொலம்பாவும் காரணம் என்றும், அவர் அனுமதியின்றி விவிலியத்தின் சங்கீதங்கள் அடங்கிய ஒரு சுவடியைப் படியெடுத்ததுதான் சண்டையின் மூலம் என்றும், அதற்காகவே நாட்டை விட்டு வந்தார் என்றும் கதை. தாய்நாடு கண்ணுக்குத் தெரியாத இடம் கிடைக்கும் வரை பயணம் செய்வது என்று உறுதி பூண்டாராம். அருகிலுள்ள குன்றுக்கு அயர்லாந்துக்கு முதுகு காட்டிய இடம் என்ற பொருளில் பெயரிட்டிருக்கிறார்கள். வழிகாட்டி எங்களை ஒரு கல்லைக் கடலில் எறிந்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்: விட வேண்டியதை விட்டு, கொள்ள வேண்டியதைக் கொள்ள. மனைவி எறிந்தாள், எடுத்தாள். என்ன என்று கேட்கவில்லை.

மாலையில் டூன் ஈ குன்றில் ஏறினோம். 101 மீட்டர் உயரம்தான். தீவில் இதுவே உச்சி. தெற்கில் ஜூரா தீவின் மலைகளும் வடக்கில் தொலைவான நீலத்தில் ரம் தீவும் தெரிந்தன. கீழே மடம் முழுமையாகத் தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் தையல் எதுவும் தெரியவில்லை. இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் அதுவே எனக்கு ஒரு குறையாகப் பட்டது.

நான்காம் நாள்: இறந்தோர் தெரு

படகுக்கு முன் ஒரு மணி நேரம் இருந்தது. மடத்தின் முன்னால் சிவந்த கற்கள் பாவிய பழைய பாதையின் ஒரு துண்டு வெளிப்பட்டுக் கிடக்கிறது. இறந்தோர் தெரு என்று பெயர். கரையில் இறக்கப்பட்ட உடல்களை இவ்வழியே சுமந்து போய் ஓரன் இடுகாட்டில் புதைத்தார்கள். ஸ்காட்லாந்து மன்னர் நாற்பத்தெட்டுப் பேர், நார்வே மன்னர் எட்டுப் பேர், அயர்லாந்து மன்னர் நான்கு பேர் இங்கே இருப்பதாக 1549-இல் டொனால்ட் மன்றோ என்ற குரு எழுதினார். இந்தக் கணக்கை வரலாற்றாசிரியர்கள் அப்படியே ஏற்பதில்லை. அரசர்கள் பெருமைக்காகப் பட்டியலை நீட்டியிருக்கலாம். ஐயமின்றி இங்கே இருப்பவர்களுள் ஒருவர், பிரிட்டன் தொழிற்கட்சியின் தலைவராக இருந்து 1994-இல் திடீரென்று இறந்த ஜான் ஸ்மித். அவர் கல்லறைக்கு முன் வந்தவர்கள் கூழாங்கற்களை வைத்துப் போகிறார்கள்.

இடுகாட்டின் நடுவே ஓரன் சிற்றாலயம். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தீவில் நிற்பவற்றுள் இதுவே மிகப் பழைய கட்டடம். இதன் கூரையும் 1957-இல் போட்டதுதான். ஒரே அறை, ஒரு சிறு சன்னல், தேய்ந்த கோணல் வரிகள் கொண்ட வாசல் வளைவு. உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. பழையது எது புதியது எது என்று பார்க்காமல் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும் என்று மனைவி கட்டளையிட்டாள். மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தேன்.

படகேறும் முன் ஓடிப்போய், ஓ பிரோல்கனின் தூணை இன்னொரு முறை பார்த்துவந்தேன். காலை வெளிச்சத்தில் எழுத்து கொஞ்சமும் தெரியவில்லை. கோவனிலிருந்து வந்து இருபத்தேழு கோடையில் சுவரெழுப்பிய கொத்தனார்கள், தச்சர்களின் பெயர்கள் எங்காவது வெட்டப்பட்டிருக்குமா என்று நான்கு நாளும் தேடினேன். என் கண்ணில் படவில்லை.

பேருந்தில் மல் தீவைக் கடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவரிடம், முதல் நாள் பார்த்த டூவர்ட் கோட்டையைச் சிலாகித்தேன். எவ்வளவு உறுதியான கட்டடம், இத்தனை நூற்றாண்டுகளாகச் சிதையாமல் நிற்கிறதே என்றேன். அவர் சிரித்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கூரையில்லாமல் பாழடைந்து கிடந்ததையா, மக்லீன் குலத் தலைவர் ஃபிட்ஸ்ராய் 1911-இல் திரும்ப வாங்கித்தான் இப்படிக் கட்டினார் என்றார்.

கப்பல் கிரெய்க்னூரிலிருந்து கிளம்பியதும் மேல்தளத்தின் வலப்புறக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோட்டை நெருங்கி வந்தது. மனைவி கைப்பையிலிருந்து தொலைநோக்கியை எடுத்து, கேட்காமலே என்னிடம் நீட்டினாள். மேற்குச் சுவரில், இரண்டாம் மாடி சன்னலுக்கு மேலே, கல்லின் நிறம் லேசாக மாறுவது போலிருந்தது. உறுதியாகச் சொல்வதற்குள் கப்பல் திரும்பிவிட்டது.